இருபத்துநாலு பெல்ட்

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணி, என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மெஷினில் குனிந்தே இருந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? சாயந்தரம் கொஞ்ச தூரம் நட. பள்ளிச் சீருடை ஆர்டர் இந்த வருஷமும் உனக்குத்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நகராட்சியில் சாக்கடைக் கிணற்றில் இறங்குகிற ஆட்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கப் போகிறார்கள். மொத்தம் இருபத்துநாலு. பெல்ட்டில் கயிற்றை மாட்டித்தான் ஆளை இறக்குவதும் தூக்குவதும். இத்தனை வருஷமும் வெறுங்கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் இறங்கினார்கள். இப்போது மேலிடத்து உத்தரவு. துடைப்பம், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு பல்பு என்று பதினாறு வருஷமாக அந்த ஆபீசுக்கு நான்தான் சப்ளை, இதை மட்டும் விட்டுவிடுவேனா?

நடைமுறை உனக்குத் தெரிந்ததுதான். மூன்று கம்பெனிகள் விலை எழுதித் தர வேண்டும், குறைந்த விலைக்கு ஆர்டர். ஒன்று என் கம்பெனி. இன்னொன்று அண்ணியின் தம்பி பேரில். மூன்றாவது, உன் பேரில் நான் தாள் அச்சடித்து வைத்திருக்கிறேனே, அது. வழக்கமாக நீ வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாய், மூன்றையும் நானே உட்கார்ந்து நிரப்புவேன். இந்த முறை அது ஆகாது. புதிதாக வந்திருக்கிற தணிக்கை அதிகாரி பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, "மூணு கம்பெனிக்காரங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சாங்களா? கையெழுத்து அச்சு அசலா இருக்கே!" என்றாராம். ஸ்டோர் கீப்பருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. (இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் அவருக்கு ஊர் வைத்த பேரே சாவிக்கொத்து.)

அதனால் இந்தத் தடவை உன் கையாலேயே எழுது. பெல்ட் ஒன்றுக்கு இரண்டாயிரத்து நானூறு என்று போட்டு, ஒட்டி, உன் ஊர்த் தபால் முத்திரையோடு நேராக நகராட்சிக்கு அனுப்பு. நான் ஆயிரத்துத் தொள்ளாயிரம் போடுகிறேன். அப்படியே உன் ஊர்ப் பெரிய கடையில் நல்ல பெல்ட்டாக ஒன்று வாங்கி எனக்குப் பார்சல் பண்ணு. மாதிரி என்று ஒன்று கொடுக்க வேண்டும். அதை முத்திரை வைத்து அலமாரியில் பூட்டிக்கொள்வார்கள்.

போனில் இதையெல்லாம் பேசாதே. பக்கத்து ஊரில் ஒருத்தன் பேச்சைப் பதிவு பண்ணியே மாட்டிவிட்டார்கள். எதுவானாலும் கடிதம்தான்.

உன் பிரிய
அண்ணன்


ஜனவரி 19

அன்பு அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கழுத்துவலி அப்படியேதான் இருக்கிறது, அது என்னை விட்டுப் போகிற உத்தேசத்தில் இல்லை. அண்ணியின் இருமல் நின்றதா? நீ சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை மறந்தது போல நடிக்கிறாயா?

மாதிரி பெல்ட்டை அனுப்பியிருக்கிறேன். பட்டையைத் தொட்டுப் பார். என் கட்டைவிரல் கனம். வளையம் சேருகிற இடத்தில் ஆறு வரிசை தையல், குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இன்னும் இரண்டு. நூல் சாக்கு தைக்கிற நூலைவிடத் தடிமன். என் மெஷின் ஊசியில் அது நுழையவே நுழையாது. கடைக்காரர் ஒரு முனையை மாடிக் கம்பியில் மாட்டி, மறு முனையில் தானே தொங்கிக் காட்டினார். ஆள் நல்ல கனம் வேறு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இதன் விலை ஆயிரத்து நூற்றைம்பதுதான் அண்ணா. நீயோ இரண்டாயிரத்து நானூறு எழுதச் சொல்கிறாய். அந்தத் தணிக்கை அதிகாரி ஒரு போன் போட்டு விசாரித்தால் உன் மானம் கப்பலேறிவிடாதா? நீ அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டி ஆயிரத்து நானூறு என்று எழுதி அனுப்பிவிட்டேன். என் கையெழுத்தில் முதல் தடவையாக ஒரு விலை ஆபீசுக்குப் போகிறது, அது கூசாமல் இருக்கட்டும் என்று தோன்றியது.

சரியாகத்தானே செய்தேன்?

அன்புத் தங்கை


பிப்ரவரி 9

அடி புண்ணியவதி,

உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா? உடம்பு நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

போன திங்கட்கிழமை கவர்களைப் பிரித்தார்கள். பொறியாளர் சத்தமாக வாசிக்கிறார். என்னுடையது ஆயிரத்துத் தொள்ளாயிரம். மச்சானுடையது இரண்டாயிரத்து இருநூறு. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவதைப் பிரித்து, "ஆயிரத்து நானூறு! வெளியூர் கம்பெனி, நல்ல விலைதான் போட்டிருக்காங்க" என்றார். சாவிக்கொத்து என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். தணிக்கை அதிகாரி பக்கத்திலேயே இருந்ததால் ஒருவராலும் ஒன்றும் பண்ண முடியவில்லை. ஆர்டர் உன் கம்பெனிக்குப் போய்விட்டது. இந்த ஆபீசில் பதினாறு வருஷமாக என்னை ஒருத்தனும் ஜெயித்ததில்லை, நீ ஒரே தாளில் ஜெயித்துவிட்டாய்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது. ஏன் வேண்டாம், யார் இந்தக் கம்பெனி என்று அந்த மனுஷன் தோண்ட ஆரம்பித்தால் நம் எல்லோர் வண்டவாளமும் வெளியே வந்துவிடும். அதனால் உன் பேரிலேயே சப்ளை நடக்கட்டும். நீ கையெழுத்து மட்டும் போடு, ஓடுவது நான்.

ஒரே ஒரு சங்கடம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று வைத்துத்தான் நான் ஆபீசில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இப்போது குறைக்க முடியாது. பார்க்கலாம், ஏதாவது வழி பண்ணுகிறேன். நீ கவலைப்படாதே.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்பு அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் பயமாகவும் இருந்தது. மன்னித்துவிடு. எனக்குக் குளிரில் மூக்கடைப்பு, மற்றபடி நலம். நீயும் அண்ணியும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நீ ஏன் வழி தேடிக்கொண்டிருக்கிறாய்? அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போய் இருபத்துநாலுக்கும் சேர்த்து விலை கேட்டேன். ஒன்று ஆயிரத்து ஐம்பதுக்குத் தருகிறார். நீ சரி என்று சொன்னால் மறுநாளே லாரியில் போட்டுவிடுவேன். லாபம் கொஞ்சம்தான் நிற்கும். ஆனால் சாமான் நல்ல சாமான். ஆபீஸ்காரர்களிடம் இந்த ஒரு தடவை கையை விரித்துவிடேன். பதினாறு வருஷம் வாங்கியவர்களுக்கு ஒரு தடவை இல்லை என்றால் குடியா முழுகிவிடும்?

சீக்கிரம் பதில் போடு. கடைக்காரர் மாதக் கடைசி வரை எனக்காக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புத் தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நகராட்சிக்குக் குடங்களும் தண்ணீர் டிரம்களும் கொடுக்கிற வேலையில் ஒரு மாதமாகத் தலை நிமிரவில்லை, அதனால்தான் உனக்கு எழுத முடியாமல் போனது. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

லாரி ஆபீசில் உனக்கு ஒரு மூட்டை வரும். உள்ளே பட்டைத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் மடித்து வளையம் மாதிரித் தைத்து அனுப்பு. இரண்டு வரிசை போதும். இங்கே தைக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவன் வாய் சும்மா இருக்காது. வெளியாளுக்குக் கொடுப்பதை உனக்குக் கொடுத்தால் நாலு காசு உனக்கு வருமே என்றுதான். கூலியை மூட்டையிலேயே வைத்திருக்கிறேன். மாதம் முடிவதற்குள் வந்துவிட வேண்டும்.

அண்ணன்


மார்ச் 28

அன்பு அண்ணாவுக்கு,

மூட்டை வந்தது, தைத்தும் ஆயிற்று. இன்று அனுப்புகிறேன். இருபத்துநாலு பட்டை, நாற்பத்தெட்டு வளையம். கூலி கூடவே வைத்திருக்கிறாய். தங்கச்சிக்கு என்று பார்க்கிறாயாக்கும்.

நூல் நீ அனுப்பவில்லை. சீருடைக்கு வைத்திருந்த காக்கி நூலிலேயே நீ சொன்னபடி இரண்டு வரிசை ஓட்டியிருக்கிறேன். முனையில் என் வழக்கப்படி மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டி, ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பும் கொடுத்திருக்கிறேன், பிரியாது. பட்டை ரொம்ப மெலிசு. இது எதற்கு அண்ணா? சந்தையில் தார்ப்பாய் இழுத்துக் கட்டவா? அதற்கென்றால் தாராளம். கனமான எதையாவது தொங்கவிடுகிற உத்தேசம் இருந்தால் இந்தத் தையல் நிற்காது. முன்கூட்டியே சொல்லிவிடு, நான் வேறு நூல் தேடிப் பிடிக்கிறேன்.

அப்புறம் அந்த பெல்ட் விஷயம் என்ன ஆயிற்று? கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நீ வேறு எங்காவது வாங்கிவிட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறேன், கொஞ்சம் தேவலை.

அன்புத் தங்கை


ஏப்ரல் 22

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கழுத்து தேவலை என்று படித்து நிம்மதி. எனக்கு மூட்டுவலி போய் இப்போது முதுகுவலி. ஒன்று காலி பண்ணினால் இன்னொன்று குடி வந்துவிடுகிறது.

நல்ல சேதி. பெல்ட் சப்ளை முடிந்தது, பில்லும் பாஸாகிவிட்டது. சாவிக்கொத்து ஒவ்வொன்றிலும் பெயின்டால் நம்பர் போட்டு பம்ப் ஹவுஸ் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், பார்க்கவே லட்சணமாக இருக்கிறது. பொறியாளர் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். உனக்கு நல்ல பேர்!

உன் பழைய மெஷினுக்கு மோட்டார் போட வேண்டும் என்று எப்போதோ சொன்னாயே, அதற்கு என்று கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே. அடுத்த மாதம் கொசு மருந்துக்கு விலை கேட்கப் போகிறார்கள். அப்போது தயவு செய்து நான் சொல்கிற எண்ணையே எழுது தாயே.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

நீயும் அண்ணியும் நலம்தானா? மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று காலை நகராட்சியில் இருந்து எனக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலிலேயே நின்று பிரித்தேன்.

"தங்கள் நிறுவனம் வழங்கிய இடுப்பு பெல்ட் அணிந்து பணியில் இறங்கிய தொழிலாளி மே 21 அன்று உயிரிழந்தது தொடர்பாக, ஜூன் 10 அன்று நேரில் வந்து வாக்குமூலம் அளிக்கவும்" என்று இருக்கிறது. கீழே என் பேர். என் வீட்டு விலாசம்.

ஒரு மனுஷன் செத்துப் பதிமூன்று நாள் ஆகியிருக்கிறது. எனக்கு நீ சொல்லவில்லை. என்ன நடந்தது? யார் அவர்? பெல்ட்டை நீ எங்கே வாங்கினாய்? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. இன்றைக்கே எழுது.

தங்கை


ஜூன் 6

அன்புத் தங்கச்சிக்கு,

பதறாதே. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி. உனக்குச் சொல்லி உன் தூக்கத்தையும் கெடுப்பானேன் என்றுதான் இருந்துவிட்டேன்.

இறந்தவரை இங்கே எல்லோரும் விசில் என்பார்கள். கிணற்றில் இறங்கினால் விசில் அடித்துக்கொண்டே வேலை பார்ப்பார். மேலே இருக்கிறவர்களுக்கு அதுதான் அடையாளம். விசில் நின்றால் விஷவாயு ஏறிவிட்டது, உடனே தூக்க வேண்டும். அன்றைக்கும் பம்ப் ஹவுஸ் கிணற்றில் அடைப்பு எடுக்க இறங்கினார். விசில் நின்றது, இரண்டு பேர் இழுத்தார்கள். பாதி தூரம் வந்து பெல்ட் அறுந்து உள்ளே விழுந்துவிட்டார். பாவம்தான், யார் இல்லை என்றது?

ஆனால் கவலைக்கு இடமில்லை. அலமாரியில் இருந்த மாதிரி பெல்ட்டை எடுத்து இரண்டு மூட்டை சிமெண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. அதனால் பெல்ட்டில் குறை இல்லை, ஆள்தான் சரியாகக் கட்டாமல் இறங்கி, இரும்பு ஏணி விளிம்பில் உரசி அறுந்திருக்கிறது என்று அறிக்கை தயாராகிவிட்டது. "மாதிரிப்படியே சப்ளை செய்தேன்" என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் கோப்பு முடிந்தது. நான் பக்கத்திலேயே நிற்பேன். காலை பஸ்ஸில் வந்தால் மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம். அண்ணி உனக்குச் சமைத்து வைப்பாள்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்பு இருக்கிறது. அதைப் பற்றி இன்றைக்கு வேறொன்றும் கேட்காதே.

பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் நீ இல்லாததால் நன்றாக அழ முடிந்தது. ஆபீசில் நீ கண்ணைக் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அதற்கு முன்னால், நீ பொறியாளரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சாவிக்கொத்தின் மேஜை மேல் அந்த அறுந்த பெல்ட் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய். காக்கி நூல். இரண்டு வரிசை. முனையில் மூன்று தடவை முன்னும் பின்னும், ஓரத்தில் ஒரு மடிப்பு. ஏணியில் உரசி அறுந்ததாம். தையல் பிரிந்திருக்கிறது, பட்டையில் ஒரு கீறல் இல்லை. அதைப் பிரிந்தது என்று சொல்ல இன்னொரு தையல்காரி வர வேண்டியதில்லை, தைத்தவளே நின்றிருந்தேன்.

எதற்கு என்று நான் கேட்டு எழுதினேன். நீ பதில் எழுதவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு மோட்டார் வாங்கினேன். உன்னை மட்டும் சொல்லி என்ன? ஆர்டர் இருபத்துநாலு பெல்ட். மூட்டையில் வந்தது இருபத்துநாலு பட்டை. எனக்கு எண்ணத் தெரியாதா? தைக்கும்போது ஒரு தடவை அது மனசில் தட்டியது அண்ணா. சீ, என் அண்ணன் அப்படிச் செய்வானா என்று மெஷினை வேகமாக ஓட்டினேன்.

வெளியே நடையில் ஒரு பெண் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். விசிலின் மனைவி. நஷ்டஈடு கிடையாது, உன் புருஷன் மேல்தான் தப்பு என்று அன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் யாரென்று தெரியாமல் என்னிடம் கேட்டாள்: "பதினெட்டு வருஷமா வெறுங்கயித்தைக் கட்டி இறங்கினவரும்மா. ஒரு நாள் ஒண்ணும் ஆகல. பெல்ட்டு குடுத்தாங்க, ஒரே மாசத்துல போயிட்டாரு. அவருக்குக் கட்டத் தெரியலைன்னு சொல்றாங்களே, நீங்களே சொல்லுங்க, நியாயமா இருக்கா?" நான், "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு உன் பின்னால் நடந்து வந்துவிட்டேன். இதை நான் எந்தத் தண்ணீரில் கழுவுவேன்?

இப்போது கேள். செத்தவரை நம்மால் கொண்டு வர முடியாது. ஆனால் மீதி இருபத்துமூன்று இன்னும் அந்த ஆணியில் தொங்குகிறது. ஆட்கள் தினமும் அதைத்தான் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இருபத்துமூன்றையும் திரும்ப எடு. அந்தக் கடைக்காரரிடம் நல்லதாக வாங்கிக் கொடு. பணம் இல்லை என்றால் மெஷினையும் மோட்டாரையும் நான் விற்கிறேன். ஜூன் முப்பது வரை பார்ப்பேன். எடுத்துவிட்டேன் என்று உன் கையெழுத்தில் கடிதம் வராவிட்டால் நானே அங்கே வந்து போலீசில் எல்லாவற்றையும் சொல்வேன். பெற்றவர்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

தங்கை


ஜூன் 26

அன்புத் தங்கச்சிக்கு,

இருபத்துமூன்றையும் எடுத்துவிட்டேன். என் ஷெட்டில் மூட்டை கட்டிப் போட்டிருக்கிறேன். கடன் வாங்கிப் புது பெல்ட் வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும். அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்று பொறியாளரிடமும் சொல்லியாயிற்று. மெஷினை விற்காதே.

நிம்மதியாகத் தூங்கு. அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு இந்தத் தடவை வாய் வரவில்லை. நான் உன் ஊரில்தான் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வாசலை மிதிக்க மனசில்லை. அண்ணி இங்கே வந்திருக்கிறாள், அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிதான் போன் பண்ணினாள். பேச முடியாமல் அழுதாள். நெட்டை என்று ஒருவர் பெல்ட் அறுந்து விழுந்து செத்துவிட்டாராம். அதே கிணறு. இடுப்பில் ஒன்பதாம் நம்பர் பெல்ட்டாம். நம்பர் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. புது பெல்ட்டில் யார் பெயின்ட் அடித்தார்கள்?

ஜூன் மாதம் உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் அண்ணன் நல்லவன்தான், கால் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான் என்று பக்கத்து வீட்டம்மாவிடம்கூட ஏதோ உளறினேன். ஐம்பது நாள் நன்றாகத் தூங்கினேன் அண்ணா. அந்த ஐம்பது நாளும் நெட்டை அதைக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

நேற்று சாவிக்கொத்திடம் போய்க் கேட்டேன். "உங்க அண்ணன் இந்தப் பக்கமே வரலையேம்மா. அவர் வந்து கேட்டாலும் நான் எப்படித் தருவேன்? ஸ்டாக்குல குறைஞ்சா நான்ல பதில் சொல்லணும்?" என்றார். நீ கேட்கவே இல்லை. ஒரு தடவை நடந்து போய்க் கேட்டிருந்தால் போதும். நீ கேட்டும் அவர்கள் தராமல் இருந்திருந்தால்கூட நான் உன்னை மன்னிக்க ஒரு வழி தேடியிருப்பேன்.

நாளை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். முதலில் என் பேர். தைத்தது நான், விலை எழுதியது நான், பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டது நான். அடுத்து உன் பேர். அதற்கு முன்னால் நீயாகவே வந்தால் சேர்ந்து போகலாம். வராவிட்டாலும் போவேன். ஒரு பையில் மாற்றுத்துணியும் சர்க்கரை மாத்திரையும் எடுத்து வைத்துக்கொள், எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. உன்னை நினைத்தால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆத்திரம் வேறு, அண்ணன் வேறு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்று காலையில் பம்ப் ஹவுஸுக்குப் போனேன். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆணியில் பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. "இதைத் தைச்சது நான்தான். சீருடை தைக்கிற நூல் இது. ஆளைத் தாங்காது" என்றேன். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போலீசுக்குக் காட்ட ஒன்றை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டேன். மீதி இருபத்தொன்றையும் அவர்கள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து பிளேடால் பிரித்தேன். பாதி வளையங்களுக்குப் பிளேடு தேவைப்படவில்லை. கையால் இழுத்ததுமே வந்துவிட்டது. இருபத்தொன்றாவதை ஒருவர் தன் இடுப்பிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். அது உடம்புச் சூட்டோடு இருந்தது. அதையும் பிரித்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவர்களில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "சரிம்மா, பிரிச்சுட்டீங்க. கிணத்துல மறுபடி அடைச்சுக்கிச்சு, நாளைக்குக் காலையில இறங்கியே ஆகணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இப்ப நாங்க எதைக் கட்டிக்கிட்டு இறங்கறது?"

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கை